மன்னிக்கப்பட்ட பிறகும் சுமப்பது ஏன்?

(தவக்காலத்தின்போது எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காகப் பெரும்பாலும் பேசிய விதத்திலேயே எழுதித் தரப்பட்டுள்ளது.)



எனக்கு இந்த மேடை புதிது. ஏ.எல். சோதனையோட என்ர படிப்பு நிண்டுபோச்சு. ஜேர்மனிக்கு வந்த பிறகு பிளாஸ்ரிக் சாமான் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் மூன்று நேர மாற்று வேலை. இண்டைக்கும் விடிய ஆறு மணிக்கு இரவு வேலை முடிச்சு, கொஞ்சம் கண்ணயர்ந்துபோட்டு வந்துதான் நிற்கிறன். குருமாரும் படிச்ச ஆக்களும் பேசவேண்டிய விஷயத்தை என்னட்டைத் தந்ததுக்குச் செயலாளர் அண்ணைதான் பொறுப்பு. தவக்காலம், நீ கோயிலுக்குப் போறனி, பாவமன்னிப்பைப் பற்றி ஏதும் சொல்லு என்றார். இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் சைவ ஆக்கள் இருக்கிறியள் எண்டும் எனக்குத் தெரியும். நான் ஒருவரையும் மதம் மாத்த வரேல்லை. பயப்படாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.

சித்திரை வருசப்பிறப்பும் எங்கட உயிர்ப்பு ஞாயிறும் அநேகமாகக் கிட்டக் கிட்டத்தான் வரும். சித்திரை எண்டால் எங்கட சனத்துக்குக் கணக்குப் பார்க்கிற மாதம். கடைக்காரர் புதுக் கணக்கு எழுதுவினம். சித்திரா பௌர்ணமிக்கு ஊர்க் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படிச்சுக் கஞ்சி வார்ப்பினம். அவர் ஆர்? ஒவ்வொரு மனிசன்ரை பாவ புண்ணியத்தையும் எழுதிவைக்கிற கணக்கப்பிள்ளை. ஆகவே பாவத்துக்குக் கணக்கு உண்டு எண்டதைச் சைவப் பிள்ளைக்கும் வேதக்காரப் பிள்ளைக்கும் ஒருவரும் புதிசாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

அதே வருசப்பிறப்பிலை இன்னொரு வழக்கமும் எங்களிட்டை இருக்குது. கைவிசேடம். எங்கட பேச்சில கைவியளம். நல்ல நேரம் பார்த்து அப்புவோ அம்மாவோ வெத்திலையில காசை வைச்சுத் தருவினம். போன வருசம் குழப்படி செய்தவனுக்கும் உண்டு, சோதனையில் கோட்டை விட்டவனுக்கும் உண்டு. வேலை செய்ததுக்குக் கூலியாக அதை ஒருத்தரும் குடுக்கிறதில்லை. பிள்ளை செய்யவேண்டியது ஒண்டுதான், இரண்டு கையையும் நீட்டவேணும். கை நீட்டாத பிள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிறது? நான் சொல்ல வந்த விஷயம் இந்தக் கை நீட்டாத பிள்ளையைப் பற்றினது.

கடவுள் மன்னிப்பார் எண்டு வாயால சொல்லாத கிறிஸ்தவன் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில பாவமன்னிப்பை நம்புறம் எண்டு அறிக்கையிடுறம். ஆனால் மன்னிப்பை உண்மையிலேயே வாங்கிக்கொண்டு வீட்டை போறவை எத்தினை பேர்? எங்கட தமிழ்ப் பூசைக்கு வாற ஒரு அண்ணையைப் பற்றி இதில சொல்லவேணும். பேர் ஊர் சொல்லமாட்டன். பேரை விட்டுப்போட்டுச் சொல்லடா எண்டு அவரே சொன்னதாலதான் சொல்லுறன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு உங்களில் கனபேருக்கு மறக்காது. வலிகாமம் முழுக்க ஒரே நேரத்தில வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். நான் அப்ப சின்னப் பிள்ளை, ஆரோ தூக்கிக்கொண்டு போன பிள்ளையளில ஒண்டு. அந்த அண்ணைக்கு ஒரு சைக்கிள், மனுசி, இரண்டு கைக்குழந்தைகள். தாய்க்கு நடக்க ஏலாது. பக்கத்து வீட்டில வெளிக்கிட மாட்டம் எண்டு நிண்ட வயது போன ஒரு புருசன் பெண்சாதியோட தாயை விட்டுப்போட்டு, நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன் அம்மா எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவர். நாளைக்குப் போக முடியேல்லை. பிறகு வன்னி, பிறகு கொழும்பு, பிறகு இஞ்சை. தாய் அதுக்குப் பிறகு பதினொரு மாதம் உயிரோட இருந்தது. பின்னேரமானால் படலையடியில கதிரையைப் போட்டு, மகன் வாறானோ எண்டு பார்த்துக்கொண்டு இருந்ததாம். இதைப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கடிதத்தில எழுதிப் போட்டிருக்கிறா. அந்தக் கடிதம் இண்டைக்கும் அவற்றை பேர்சுக்குள்ளை இருக்குது.

இஞ்சை வந்து பாவசங்கீர்த்தனம் செய்தார். குருவானவர் கேட்டார், ஆறுதல் சொன்னார், பாவப்பொறுத்தல் குடுத்தார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அண்ணை வெளியில வந்து நிண்டு யோசிச்சாராம், இவ்வளவுக்கும் இவ்வளவுதானோ? அண்டையிலிருந்து அவர் நற்கருணை வாங்கிறதில்லை. பூசைக்கு ஒருநாளும் பிந்தமாட்டார். கதிரை அடுக்குவார், பாத்திரம் கழுவுவார், பாட்டுப் புத்தகம் எடுத்துக் குடுப்பார். எல்லாரும் எழும்பி வரிசையில போகேக்கை கடைசி வாங்கிலை தனிய இருப்பார். இருபது வருசத்துக்கு மேல்.

ஒருநாள் காரில வரேக்கை கேட்டன், ஏன் அண்ணை, சுவாமி மன்னிப்புத் தந்திட்டார்தானே? அவர் சொன்ன மறுமொழி: "கடவுள் மன்னிச்சிருப்பாரடா. நான் மன்னிக்கேல்லை."

கேட்க எவ்வளவு பணிவான பேச்சு. நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். பிறகு இயந்திரத்துக்கு முன்னால நிண்டு யோசிக்க யோசிக்க எனக்கு இது சரியாப் படேல்லை. இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் அகதி வழக்கு எண்டால் என்ன எண்டு தெரியும். கீழ் நீதிமன்றம் நிராகரிச்சால் மேல் நீதிமன்றத்துக்குப் போறம். மேல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் வழக்கு முடிஞ்சுது. ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த பிறகும் சூட்கேசை அவிழ்க்காமல், எந்த நேரமும் பொலிஸ் வரும் எண்டு சப்பாத்தோட படுக்கிற ஒருவனைப் பார்த்தால் நாங்கள் என்ன சொல்லுவம்? பாவம், பயத்தில இருந்து இன்னும் வெளியில வரேல்லை எண்டுதானே. அவன் பணிவாக இருக்கிறான் எண்டு சொல்லமாட்டம். கடவுள் தீர்ப்புச் சொன்ன பிறகும் என்ர மனசுக்குள்ளை அதுக்கு மேல ஒரு நீதிமன்றம் வைச்சு வழக்கை நடத்திறது, அந்தப் பயம்தான். அதுக்குள்ள கொஞ்சம் பெருமையும் ஒளிச்சிருக்குது எண்டு நினைக்கிறன். என்ர பாவம் மட்டும் கடவுளாலையும் ஏலாத அளவு பெரிசு எண்ட பெருமை.

மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில ஒரு கடன்காரன் கதை வருகுது. பேதுரு எத்தினை தரம் மன்னிக்கவேணும் எண்டு கேட்ட இடத்தில இயேசு சொன்ன கதை. ஒரு அரசனுக்கு ஒரு வேலைக்காரன் பத்தாயிரம் தாலந்து கடன். வாசிக்கேக்கை ஏதோ பெரிய தொகை எண்டு கடந்து போவம். நான் ஒருநாள் இடைவேளையில இருந்து கணக்குப் பார்த்தன். அந்தக் காலத்தில ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின்ரை ஒருநாள் சம்பளம். ஆறாயிரம் தெனாரியம் ஒரு தாலந்து. வருசத்தில முந்நூறு நாள் வேலை எண்டு வையுங்கோ, ஒரு தாலந்து உழைக்க இருபது வருசம். பத்தாயிரம் தாலந்துக்கு? இரண்டு இலட்சம் வருசம். ஓவர்டைம் செய்தாலும் சரிவராது.

அந்த ஆள் அரசனின்ரை காலில விழுந்து என்ன கேட்கிறான் எண்டதைக் கவனியுங்கோ. மன்னிக்கச் சொல்லிக் கேட்கேல்லை. தவணை கேட்கிறான்! பொறுத்துக்கொள்ளும், எல்லாத்தையும் கட்டிமுடிக்கிறன் எண்டுதான் அவன்ரை மன்றாட்டு. இரண்டு இலட்சம் வருசக் கடனை! அரசன் தவணை குடுக்கேல்லை, முழுக்கடனையும் வெட்டிவிட்டான். வெளியில வந்தவன் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய இன்னொரு வேலைக்காரனின்ரை கழுத்தை நெரிக்கிறான். நூறு தெனாரியம் எண்டால் நூறு நாள் சம்பளம். அது சின்னக் காசில்லை, நாலு மாத உழைப்பு. ஆனால் இவனுக்கு விட்டது அதைப்போல ஆறு இலட்சம் மடங்கு.

பிரசங்கங்களில இந்த ஆளை நன்றி கெட்டவன் எண்டு ஏசுவினம். சரிதான். எனக்கு இன்னொண்டும் தோன்றுது. கடனை வெட்டினது அவன்ரை காதில விழேல்லை. அவன் இன்னும் தவணையில் நிற்கிற ஆளாகவே வெளியில வாறான். எப்பிடியும் கட்டவேணும், ஆகவே எனக்கு வரவேண்டிய ஒவ்வொரு சதத்தையும் புடுங்கவேணும். ஏஜென்சிக்கு வட்டிக்குக் காசு எடுத்து வந்த ஆக்கள் இதில இருக்கிறியள். அந்தக் கடன் கழுத்தில இருக்கேக்கை சீட்டுக்காசு ஒரு கிழமை பிந்தினாலும் எப்பிடிக் கோபம் வந்தது? மன்னிப்பை வாங்கத் தெரியாதவன் அடுத்தவனையும் விடமாட்டான். அந்த அண்ணைக்கும் தங்கச்சிக்கும் இண்டுவரை பேச்சில்லை எண்டதையும் இதோட சேர்த்துச் சொல்லவேணும். தங்கச்சி அப்ப சாவகச்சேரியில இருந்தவ. நீயெண்டாலும் போய்ப் பார்த்திருக்கலாம்தானே எண்டது இவற்றை கோபம்.

பாவத்துக்குக் கடன் எண்ட சொல் சும்மா வந்ததில்லை. இயேசு பேசின அரமேய மொழியில கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். புரட்டஸ்தாந்து சபையாற்றை பழைய தமிழ் வேதாகமத்தில, இயேசு கற்பிச்ச செபத்தில கடன் எண்டே இருக்குது.

ஊதாரி மகன் கதையும் எல்லாருக்கும் தெரியும், அதை நீட்டமாட்டன். ஒரு இடம் மட்டும். பண்டியளுக்குப் பக்கத்தில பசியோட இருக்கேக்கை அவன் தகப்பனுக்குச் சொல்ல ஒரு பேச்சைப் பாடமாக்கிறான். கடைசி வரி, என்னைக் கூலிக்காரரில் ஒருத்தனாய் வைச்சிரும் எண்டது. வீட்டை வந்து பேச்சைத் தொடங்கிறான், அந்தக் கடைசி வரி வரமுதல் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு உடுப்புக் கொண்டுவரச் சொல்லிப்போட்டார். கூலிக்குக் கழிக்கிற திட்டத்தை வாயிலேயே எடுக்க விடேல்லை. எங்களைப்போல மணித்தியாலக் கணக்கில சம்பளம் வாங்கிற ஆக்களுக்கு இது விளங்கக் கஷ்டம். கார்ட் அடிக்காமல் காசு வராது எண்டு பழகின மூளை. அண்ணை கதிரை அடுக்கிறதும் பாத்திரம் கழுவுறதும் கூலிக்குக் கழிக்கிற கணக்கோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த வருத்தம் எங்கட சனத்துக்கு மட்டும் வந்ததில்லை. நாங்கள் இருக்கிற இந்த நாட்டிலேயே, எர்பூர்ட் நகரத்தில, 1505ஆம் ஆண்டு அகுஸ்தீனார் மடத்தில ஒரு இளைஞர் சேர்ந்தார். மார்ட்டின் லூதர். கத்தோலிக்கன் நான் லூதரைப் பற்றிக் கதைக்கிறன் எண்டு ஆரும் முறைக்கவேண்டாம். 1999 ஒக்ரோபர் 31இல இரண்டு திருச்சபையும் அவுக்ஸ்பூர்க்கில் இந்த விஷயத்தைப் பற்றியே சேர்ந்து கையெழுத்து வைச்சிட்டினம். லூதர் தன்ரை பாவங்களை ஒருமுறை ஆறு மணித்தியாலம் தொடர்ந்து சொன்னவராம். சொல்லி முடிச்சுக் கதவைத் தாண்ட முதல் இன்னொண்டு ஞாபகம் வந்திடும். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஸ்ரவ்பிட்ஸ் களைச்சுப்போனார். லூதர் இறந்த 1546ஆம் ஆண்டு அவற்றை நண்பர் மெலங்தொன் எழுதின வரலாற்றில ஒரு செய்தி இருக்குது. எர்பூர்ட் மடத்தில இருந்த ஒரு வயது போன துறவி அவருக்கு விசுவாசப் பிரமாணத்தைத்தான் எடுத்துக் காட்டினாராம். பாவமன்னிப்பை நம்புறன் எண்டு சொல்லுறாய், அது தாவீதுக்கும் பேதுருவுக்கும் கிடைச்சது எண்டு நம்பினால் போதாது, உனக்கும் எண்டு நம்பச்சொல்லித்தான் கட்டளை எண்டு விளக்கினாராம். பேர் தெரியாத ஒரு கிழவனார் சொன்ன இந்த வார்த்தை லூதருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது எண்டு மெலங்தொன் எழுதியிருக்கிறார்.

லூதருக்கு எதிர்ப்பக்கத்தில நிண்டவர் எண்டு சொல்லப்படுகிற இஞ்ஞாசியாருக்கும், யேசுசபையைத் தொடங்கினவர், அதே வருத்தம்தான். படையில இருந்து காலில குண்டு பட்டு, பிறகு மனந்திரும்பினவர். 1522ஆம் ஆண்டு ஸ்பெயினில மன்செராட் மலைக் கோயிலில மூன்று நாள் எடுத்து எழுதிவைச்சுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதுக்குப் பிறகு மன்ரேசாவில இருக்கேக்கை அதைச் சொன்னேனோ, இதை வடிவாகச் சொன்னேனோ எண்டு ஒரே ஆய்க்கினை. நல்லாத் தெளிவாய்த் தெரியிற பழைய பாவத்தை மட்டும் சொல்லும் எண்டார் குரு. இவருக்கோ எல்லாமே தெளிவாய்த்தான் தெரிஞ்சது! அறையில இருந்த ஒரு கிடங்குக்குள்ள குதிச்சுச் சாவமோ எண்டும் யோசிச்சிருக்கிறார். கடைசியில, மன்னிக்கப்பட்ட பழைய பாவத்தை இனித் திரும்பச் சொல்லுறதில்லை எண்டு தீர்மானிச்ச பிறகுதான் விடுபட்டார். ஒரே காலத்து இரண்டு பேர், மற்ற எல்லாத்திலையும் எதிரும் புதிரும். இந்த ஒண்டில இரண்டு பேரும் ஒரே கட்டிலில படுத்த நோயாளியள்.

இப்ப யூதாசுக்கு வாறன். பெரிய கிழமையில எங்கட பாஸ்கு நாடகங்களில யூதாஸ் வந்தால் சின்னப் பிள்ளையள் கூச்சல் போடுங்கள். ஆனால் மத்தேயு எழுதினதை ஆறுதலாக வாசிச்சுப் பாருங்கோ. யூதாஸ் மனம் வருந்தினார். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்குடுத்தது பாவம் எண்டு ஆசாரியருக்கு முன்னால சொன்னார். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிஞ்சார். மனஸ்தாபம், அறிக்கை, எடுத்ததைத் திருப்பிக் குடுத்தல், பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்குது. பேதுருவிட்டை (எங்கட பழைய ஆக்கள் இராயப்பர் எண்டு சொல்லுவினம்) இதில பாதியும் இல்லை. மூன்று தரம் தெரியாது எண்டு சொன்னார், சேவல் கூவினது, வெளியில போய் அழுதார். அவ்வளவுதான். வித்தியாசம் எங்கை? யூதாஸ் தன்ரை வழக்கைத் தானே கேட்டு, தானே தீர்ப்புச் சொல்லி, தானே நிறைவேற்றினார். பேதுரு வெட்கத்தோடயாவது மற்ற ஆக்களோட இருந்தார். இருந்தபடியால் ஆண்டவர் வரேக்கை அங்கை ஒரு ஆள் இருந்தது. யூதாஸ் நரகத்தில எண்டு திருச்சபை ஒருநாளும் தீர்மானிச்சுச் சொன்னதில்லை எண்டதையும் சொல்லிப்போட்டு விடுறன்.

பிறகு என்ன நடந்தது? யோவான் கடைசி அதிகாரம். கரையோரத்து ஆக்களுக்கு அந்த இடம் நல்லாப் பிடிக்கும். இரவு முழுக்க வலை போட்டும் ஒண்டும் இல்லை, விடிய 153 பெரிய மீன். கரையில கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டு இயேசு நிற்கிறார். கரி நெருப்புக்கு மூல மொழியில உள்ள அந்தச் சொல் யோவானில இரண்டே இடத்திலதான் வருகுது. இன்னொரு இடம், தலைமைக்குருவின்ரை முற்றத்தில குளிர்காய்ஞ்சுகொண்டு பேதுரு மறுதலிச்ச இடம். அந்தப் புகை மணம் மூக்கில பட்டால் அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்! இயேசு நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கேல்லை. என்னில அன்பு இருக்குதோ எண்டு மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் ஒரு வேலை குடுத்தார், தன்ரை ஆடுகளைப் பார்க்கச் சொல்லி. முதல்ல சாப்பாடு, பிறகுதான் அந்தக் கதையும் வேலையும். பேதுரு, நான் இதுக்குத் தகுதியில்லை, கடைசி வாங்கிலை இருக்கிறன் எண்டு சொல்லியிருந்தால்?

இவ்வளவும் கேட்டுப்போட்டு இளம் பிள்ளையள் ஆரும் கேட்கலாம், அப்ப என்னவும் செய்யலாம், போய்ச் சொன்னால் சரியோ? நல்ல கேள்வி. இந்த நாட்டுப் போதகர் டீட்ரிக் பொன்ஹோஃபர் 1937இல எழுதின புத்தகத்தில இதுக்கு மலிவான கிருபை எண்டு பேர் வைச்சுத் திட்டியிருக்கிறார். அவர் வாயால மட்டும் திட்டின ஆளில்லை. ஹிட்லரை எதிர்த்து, 1945 ஏப்ரல் 9ஆந் திகதி ஃப்ளொசன்பூர்க் முகாமில தூக்கில போடப்பட்டவர். சக்கேயுவைப் பாருங்கோ. வரி வசூலிப்பில சனத்தை ஏமாத்தின ஆள். இயேசு அவரிட்டை முதல்ல காசைத் திருப்பிக் குடு, பிறகு உன்ரை வீட்டை வாறன் எண்டு சொல்லேல்லை. வீட்டை வந்தார். அதுக்குப் பிறகு சக்கேயு தானாக எழும்பி, சொத்தில பாதி ஏழையளுக்கு, ஏமாத்தினதுக்கு நாலு மடங்கு எண்டார். அந்த ஒழுங்கை மாத்தக்கூடாது. சீட்டுக்காசை அமத்தினவன் கோயிலில அழுதுபோட்டு வந்தால் காணாது, காசைக் குடுக்கவேணும். அந்தக் காசு மன்னிப்பை வாங்கிறதுக்கு விலை இல்லை. ஆனால் மன்னிப்பை வாங்கினவன் அந்தக் காசை வைச்சிருக்கவும் மாட்டான்.

இன்னொண்டு, இது எங்கட ஆக்களுக்குக் கட்டாயம் சொல்லவேணும். நாங்கள் பாவம் எண்டு சுமக்கிற எல்லாம் பாவமில்லை. செல் விழேக்கை ஓடினது பாவமில்லை. தம்பி செத்து நான் தப்பினது பாவமில்லை. பக்கத்து பங்கருக்குள்ள இருந்தவை செத்துப்போச்சினம், நான் மற்றதுக்குள்ள இருந்தன் எண்டது பாவமில்லை. பாவமில்லாததுக்கு மன்னிப்புக் கேட்டால் எத்தினை தரம் கேட்டாலும் மனசு ஆறாது, ஏன் எண்டால் மன்னிக்க அங்கை ஒண்டும் இல்லை. அது காயம். நித்திரையில்லாமல், திடுக்கிட்டு எழும்பி, சாகலாமோ எண்டு யோசிக்கிற நிலையில இருக்கிறவை சுவாமியிட்டை மட்டும் போகாமல் வைத்தியரிட்டையும் போகவேணும். அது விசுவாசக் குறைவில்லை. அண்ணையின்ரை விஷயத்தில எது பாவம், எது காயம் எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. இரண்டும் பின்னிப் பிணைஞ்சு கிடக்குது எண்டு மட்டும் நினைக்கிறன். போன வருசம் பெரிய வியாழன் அண்டு அவர் எழும்பி வரிசையில வந்து நிண்டவர். எனக்குப் பின்னால நாலாவது ஆள். நான் வாங்கிப்போட்டுத் திரும்பிப் பார்க்கேக்கை பழையபடி கடைசி வாங்கிலை இருந்தார். பாதி தூரம் வந்திட்டார் எண்டு நான் கணக்கெடுத்து வைச்சிருக்கிறன்.

எனக்குத் தந்த நேரம் முடிஞ்சுது.

(உரை முடிந்தபின் நடந்ததையும் எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டதால் இதையும் சேர்க்கிறேன்.)

முன்வரிசையில் இருந்த ஒரு சைவ அம்மா எழும்பிக் கேட்டா: "தம்பி, கடவுள் மன்னிச்சது சரி. அந்தத் தாய் மன்னிச்சவவோ? செத்துப்போன மனுசியிட்டை ஆர் போய்க் கேட்டுச் சொல்லுறது?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தாவீது அரசன் உரியா என்ற போர்வீரனின் மனைவியை எடுத்து, உரியாவையும் போர்முனையில் சாகக் குடுத்தவன். தாவீது மனம் வருந்தியபோது உரியா உயிரோடு இல்லை. அவனிடம் போய்க் காலில் விழ வழியே இல்லை. கடவுளிடம்தான் விழுந்தான். மன்னிப்புக் கிடைத்தது என்று நாத்தான் இறைவாக்கினர் சொன்னார். ஆனால் தாவீதின் வீட்டில் அதற்குப் பிறகு வந்த துன்பம் நிற்கவில்லை என்றும் வேதாகமம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. உரியா என்ன சொன்னான் என்று எங்கும் எழுதவில்லை. இறந்தவர்கள் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எங்கள் விசுவாசம். அதனால்தான் நவம்பர் 2ஆந் திகதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்தி அவர்களுக்காகச் செபிக்கிறோம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறவன் அந்தத் தாய் இருக்கிற இடத்தில்தான் கேட்கிறான் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தத் தாயின் மறுமொழியை என்னால் வாங்கித் தர முடியாது, அம்மா என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா: "அந்தப் பிள்ளை தாய்க்கு ஏதும் செய்யிறவரோ? நாங்கள் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி எண்டு விரதம் பிடிக்கிறம்." நவம்பரில் மெழுகுதிரி கொளுத்துவார், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது என்றேன்.

"இந்தமுறை சித்திரா பௌர்ணமிக்கு எங்கட வீட்டை கூட்டிக்கொண்டு வாரும். பேர் சொல்லத் தேவையில்லை. நான் மத்தியானம் இலை போடுறனான், ஒரு இலை கூடப் போடுறன்" என்று சொல்லி, என்னிடம் அவவின் வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தா. அந்தத் துண்டை நான் அண்ணையிடம் குடுத்துவிட்டேன். வாங்கி, பேர்சுக்குள் அந்தக் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்தார். வருவாரா என்று இன்னும் சொல்லவில்லை.